ஒரே பாடு, ரெண்டு ஊரு!

செல்போன் அலறியது.

சுபஸ்ரீ எடுத்தாள். மறுமுனையில் கோட்டைக்குப்பம் தினகரன்.

"இன்னா சுபா மெசேஜ் அனுப்பிக்கீற? வடக்குப் பாடுனு வந்தோம். பசியாவரத்துக்காரங்களும் அதே மெசேஜோட வந்து நிக்கிறாங்க! வலையெல்லாம் கிழிஞ்சுபோச்சு... துடுப்பை ஓங்கிட்டானுங்க!"

பழவேற்காடு ஏரியில் வலை போடும் இடம் ஒவ்வொன்றும் ஒரு பாடு. இன்றைக்கு எந்தப் பாடு எந்த ஊருக்கு என்று முறை உண்டு. அதைச் செல்போனுக்கு அனுப்பும் பைத்தான் புரோகிராம் சுபஸ்ரீயுடையது. ஊருக்கொரு பிளகின்; அதாவது, அந்த ஊர் முறையைக் கணக்கிட்டுச் சொல்லும் குட்டி ஃபைல். கோட்டைக்குப்பத்துக்குத் தினகரன் எழுதியது ஆறு மாதமாக ஓடுகிறது. பசியாவரத்துக்கு உதயகுமார் எழுதியதை நேற்றுதான் சேர்த்தாள்.

உதயகுமார்... அடுத்த மாதம் அவளுக்குத் தாலி கட்டப் போகிறவன்!

ஓடினாள்.

கரையில் கூட்டம். நடுவில் கிழிந்த சட்டையோடு உதயகுமார். எதிரே, ரெண்டு ஊரும் மதிக்கும் தலைவர் லோகநாதன். சுபஸ்ரீயின் அப்பா!

"ஆறு மாசம் ஒழுங்கா இருந்துச்சு. இவன் வந்தான், நாறிப்போச்சு!" தினகரன் குதித்தான்.

"சத்தியமா உன் ஃபைலை நான் தொடவே இல்லபா!" என்றான் உதயகுமார்.

லோகநாதன் செருமினார். "தெரிஞ்சே முறையில கை வச்சவன் ஒரு வருஷம் ஏரியில இறங்கக் கூடாது. அவனுக்கு என் பொண்ணும் கிடையாது!"

"நைனா! பத்து நிமிஷம் குடு!"

கவிழ்த்த படகின் மேல் லேப்டாப்பைத் திறந்தாள் சுபஸ்ரீ.

தினகரனின் பிளகின்... சுத்தம்!

உதயகுமாருடையது... அதுவும் சுத்தம்!

பின்னே யார்?

திரும்பவும் பார்த்தாள். ரெண்டு ஃபைலிலும் முறையைச் சொல்லும் ஃபங்ஷனின் பெயர் 'இன்றைய_பாடு'. ஏரிக்கரையில் பிறந்தவன் வேறென்ன பெயர் வைப்பான்?

அவள் புரோகிராமோ ரெண்டையும் ஒரே நேம்ஸ்பேஸில், ஒரே பெயர்ப்பட்டியலில், கொட்டியிருந்தது! முதலில் வந்த தினகரனின் ஃபங்ஷன் மேல் பின்னால் வந்த உதயகுமாருடையது ஏறி உட்கார்ந்துவிட்டது. அப்புறம் எந்த ஊர் கேட்டாலும் ஒரே பதில்... வடக்கு!

மடமடவென்று மாற்றினாள். ஊருக்கொரு தனிப் பெயர்ப்பட்டியல்: காலி டிக்‌ஷனரி. அந்த ஊர் ஃபைல் அதற்குள் மட்டும் ஓடும்.

டிங்! டிங்!

"எங்களுக்குத் தெற்கு!" தினகரன் வாயைப் பிளந்தான்.

"எங்களுக்கு வடக்கு!" உதயகுமாருக்கு உயிர் வந்தது.

"அப்போ குத்தவாளி யாரு?" லோகநாதன் உறுமினார்.

"நான்தான், நைனா."

லேப்டாப்பை மூடினாள் சுபஸ்ரீ.

"அவங்க ரெண்டு பேரும் சரியாத்தான் எழுதினாங்க. நான்தான் ரெண்டு ஊரையும் ஒரே இடத்துல இறக்கிட்டேன்..."

"அடிப்பாவி! ஊருக்கு ஒரு பாடுனு என் பொண்ணுக்கே தெரியலையா?" லோகநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "மாப்பிள்ளைய விடுங்கடா! இவ தெரியாம செஞ்சுட்டா. ஆனா கிழிஞ்ச வலை பூரா இவதான் தைக்கணும்!"

கல்யாணம் பிழைத்த சந்தோஷத்தில் சுபஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தைக்கிறேன் நைனா! ரெண்டு ஊர் வலையையும் கொண்டாந்து இங்க ஒண்ணாக் கொட்டுங்க!"

காலையிலிருந்து அடித்துக்கொண்ட ரெண்டு ஊரும் ஒரே குரலில் அலறின.

"ஐயோ தாயே... தனித்தனியா!"