வெளுக்காத வானம்பாடி

கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிய நாளில் நூஃப் ஒரு தப்பு செய்தாள். ஹர்ரா என்ற அந்தக் கருங்கல் பாலையில், கல்லிடுக்கில் இருந்த வானம்பாடிக் கூட்டிலிருந்து இரண்டு குஞ்சுகளை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். ஆடு மிதித்துவிடும் என்று ஒரு சாக்கும் சொன்னாள். ஆசைதான் காரணம், வேறென்ன?

புதிய மேய்ச்சல் நிலம் முழுக்க வெளிர்மணல். மருந்துக்குக்கூட ஒரு கருங்கல் கிடையாது. வெட்டுக்கிளி பிடித்துப் பிடித்து ஊட்டி வளர்த்தாள். குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்தது. நல்ல கறுப்பு.

முதல் குஞ்சு ஒருநாள் பறந்து மணலில் உட்கார்ந்தது.

"அண்ணா, பறந்துடுச்சு! பாரேன்!" என்று குதித்தாள் நூஃப்.

அண்ணன் மிஷால் திரும்புவதற்குள் வல்லூறு ஒன்று பாய்ந்து குஞ்சைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

நூஃப் அன்றைக்கு ரொட்டியைத் தொடவில்லை.

"பக்கத்துலயே இந்த ஊர் வானம்பாடிங்க மேஞ்சுதே? அதுங்களை விட்டுட்டு என்னோடதை ஏன் தூக்கணும்?" என்று விசும்பினாள்.

"அதுங்க மணல் நிறம். எனக்கே கண்ணுக்குத் தெரியல. உன்னோடது பால்ல விழுந்த ஈ மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு."

"அப்ப இன்னொண்ணும் செத்துப்போயிடுமா?"

"அழாதே. இங்கயே இருந்தா தானா வெளுத்துடும். என் சட்டை வெளுக்கல?"

அவள் அதை நம்பினாள். கம்பிக் கூண்டில் வெளிர்மணலைப் பரப்பி, அந்த ஊர் விதைகளையே போட்டாள். பழைய இறகுகள் உதிர்ந்தன. ஆவலோடு காத்திருந்தாள். புதிய இறகுகள் வந்தன. அவையும் கறுப்பு!

அந்தச் சமயத்தில் பருவம் தப்பி அவர்களுடைய ஆடு ஒன்று குட்டி போட்டது. நூஃப் குட்டியையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, இது பொறந்ததே வெள்ளை மணல்லதானே? ஏன் கறுப்பா இருக்கு?"

"அட மக்கு! ஆடும் கறுப்பு, கிடாவும் கறுப்பு. குட்டி வேற எப்படி இருக்கும்?"

சொல்லி முடித்த பிறகுதான் மிஷாலுக்கே உறைத்தது. அவன் தலையைச் சொறிந்தான்.

"அப்ப குருவிக்கும் அப்படித்தானே? அதோட அம்மா அப்பா குடுத்த நிறம். மணல் எப்படி மாத்தும்?" நூஃபுக்கு ஆத்திரம் பொங்கியது. "வெளுத்துடுமாம்! பெருசா சொல்ல வந்துட்டான்!"

அடுத்த தடவை அப்பா தீவனம் வாங்கக் கிளம்பியபோது அவள் கூண்டோடு லாரியில் ஏறிக்கொண்டாள். ஹர்ரா வழியாகத்தான் போக வேண்டும்.

"கூண்டுல நல்லாத்தானேம்மா இருக்கு? உனக்கும் அது மேல உசுரு," என்றார் அப்பா.

"வெளியே விட்டா செத்துடும், அதனால அடைச்சே வைக்கிறதா? அது ஒரு பொழப்பாப்பா?"

கருங்கற்களுக்கு நடுவே கூண்டைத் திறந்தாள். வானம்பாடி தயங்கித் தயங்கி வெளியே வந்தது. ஒரு கல்மேல் தாவியது. பிறகு காணவில்லை.

நூஃப் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். "எப்பக் கூப்பிட்டாலும் வரும்பா."

வரவில்லை.

"ரெண்டையும் அன்னிக்கே இங்க விட்டிருக்கணும்பா," என்று அழுதாள். அப்பா அவள் முதுகைத் தடவினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தேடினாள். பக்கத்தில்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். வளர்த்த அவள் கண்ணுக்கே அகப்படவில்லை. வல்லூறுக்கு எங்கே அகப்படப் போகிறது?