பெர்த்திலிருந்து பார்த்த சாட்சி

போன் அலறியது!

பவானேஸ்வரி பாய்ந்து எடுத்த வேகத்தில் மேஜை மேலிருந்த, பால் ஊற்றாத தே ஓ கோப்பை கவிழ்ந்தது.

"சொல்லுங்க லோயர்!"

"அக்கா... கோவப்படாம கேளுங்க." மறுமுனையில் வக்கீல் புவனேஷ்.

"கோவப்படாதன்னு சொன்னாலே எனக்குக் கோவம் வரும். விஷயத்தைச் சொல்லுங்க!"

"திங்கக்கிழமை கேஸ் ஆரம்பிக்குது. தம்பிய குத்தத்தை ஒத்துக்கச் சொல்லுங்க. வேணும்னு செய்யல, கைமீறிப் போச்சுன்னு கேட்டுப் பாக்கலாம். தண்டனை குறையும்."

"செய்யாத கொலைய அவன் ஏன் லா ஒத்துக்கணும்?"

"தினேஷ்வரன்னு ஒருத்தன் கண்ணால பார்த்தேன்னு வாக்குமூலம் குடுத்திருக்கானே அக்கா!"

"அவன் அப்ப நாட்டுலயே இல்லன்னு என் தம்பி தலையில அடிச்சுக்கிறானே! அவன் பாஸ்போர்ட்டைக் கேளுங்க!"

"கேட்டாச்சு. அவன் சாட்சி, குத்தவாளி இல்லங்கிறாங்க போலிஸ்ல. கையில ஏதாச்சும் ஒண்ணு இருந்தாதான் இமிகிரேஷன் ரெக்கார்டைக் கொண்டு வரச் சொல்லி கோர்ட்டுல மனு போட முடியும். நம்மகிட்ட என்ன இருக்கு? தோத்தா தூக்கு... இல்லன்னா முப்பது வருஷத்துக்கு மேல..."

"வைங்க போனை!"

அறைந்து வைத்தாள்.

புக்கிட் காத்தில் ஊரின் கடைவீட்டு வரிசையில் அவளுடையது மூன்றாவது கடை. ஆஸ்திரேலியா விசாவா, தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தர மலாக்காவில் பவானேஸ்வரியை விட்டால் ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் விசா எடுத்துக் கொடுத்தவளால் சொந்தத் தம்பியைச் சிறையிலிருந்து எடுக்க முடியவில்லை.

போன வருஷம் மாசி மகம். மலாக்கா தமிழர்கள் மொத்தமும் செங் கோயில் தேரோடு நடந்துகொண்டிருந்த ராத்திரி. ரெம்பியாவில், செம்பனைக் குலைகளை நிறுக்கும் கொட்டகைக்குள், தோட்டத்துக்கு ஆள் வைக்கும் கொந்ரேக்கர் நல்லமுத்து மண்டை பிளந்து கிடந்தார்!

அன்று காலையில் அவரோடு சண்டை போட்டவன் லோரி டிரைவர் யுகேந்திரன். பவானேஸ்வரியின் தம்பி.

போதாதா? பிடித்தார்கள். அடுத்த வாரமே ஒரு சாட்சி முளைத்தான். யுகேந்திரனோ எஸ்டேட்டை விட்டு வந்த குடும்பத்துப் பையன். உள்ளே தள்ளினால் கேட்க நாதி இருக்கிறதா என்ன? வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"வணக்கம் அக்கா... ஆஸ்திரேலியா விசா இங்கதானே?"

வாசலில் ஓர் இளம்பெண். சுடிதார், கைப்பை, முகம் நிறையச் சிரிப்பு.

அடுத்தவள் சிரிப்பைப் பார்த்தாலே எரிச்சல் வருகிற நேரம். ஆனாலும் பிழைப்பு இருக்கிறதே. பவானேஸ்வரி மேஜையைத் துடைத்தாள்.

"உக்காரு தங்கச்சி. பேரு?"

"தேவிஸ்ரீ. தஞ்சோங் கிளிங்லேர்ந்து வரேன். பெர்த்துல என் சின்னம்மா மகளுக்குக் கல்யாணம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் போடணும்க்கா. ஆனா அவரு வேணவே வேணாங்கிறாரு. முன்ன போனப்ப கொஞ்ச நாள் கூடத் தங்கிட்டாராம். இனிமே குடுக்க மாட்டான், அந்தப் பேச்சையே எடுக்காதன்னு கத்துறாரு."

"எவ்ளோ நாள்?"

"பத்து நாள் இருக்கும்."

"ப்பூ! இதுக்கா இந்தக் கூத்து? வேலை கீலை செஞ்சாரா அங்க?"

"ஐயோ இல்ல லா! விசா ஒரு வருஷம்னு வந்துச்சாம். ஆனா ஒரு தடவ போனா மூணு மாசம்தான் இருக்கணும்னு அவருக்குத் தெரியல. திரும்பி வர ஏர்போர்ட்டுக்குப் போனப்பதான் ஆபீசர் புடிச்சுக் கேட்டாராம்."

"பாதிப் பேரு இப்படித்தான் மாட்டுறாங்க. வந்த மெசேஜை முழுசா படிச்சாத்தானே! இங்க பாரு தங்கச்சி. கூடத் தங்குனது தப்பு. ஆனா கொஞ்ச நாள்தான், அவராவே கிளம்பி வந்துட்டாரு. ஏன் தங்கினேன், இப்ப ஏன் போறேன், எப்பத் திரும்பி வருவேன்னு உள்ளதை உள்ளபடி எழுதணும். குடுப்பானா மாட்டானாங்கிறது அவன் கையில. ஆனா தங்கவே இல்லன்னு பொய் சொன்னா முடிஞ்சுது கதை! அப்புறம் வருஷக்கணக்கா அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க முடியாது. பொய் சொல்றவங்களக் கண்டா எனக்கே பத்திக்கிட்டு வரும், அவனுக்கு வராதா?"

"உண்மையே எழுதுங்கக்கா. எங்களுக்கென்ன பயம்!"

"மூணு மாசம் அங்க என்ன செஞ்சாரு?"

தேவிஸ்ரீக்கு வெட்கம் வந்தது. "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. எங்கப்பா பொண்ணு தரமாட்டேன்னுட்டாரு. கூட்டாளி வீட்டுல போய் உக்காந்துக்கிட்டாரு. போன வருஷம் மாசி மகத்துக்குக்கூட அங்கதான். நான் தேர் பக்கத்துல நின்னு வீடியோ கால்ல காட்டினேன். அழுதுட்டாரு, பாவம். படம் எடுத்து வெச்சிருக்கேன், பாருங்களேன்..."

போனை நீட்டினாள். பாதித் திரையில் விளக்கு ஜொலிக்கும் தேர். மீதிப் பாதியில் யாரோ வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைத் துடைக்கும் ஒல்லிப் பையன். மேலே தேதி.

பவானேஸ்வரிக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

"சரி, பாஸ்போர்ட்டைக் குடு."

"இதைப் போய் மைலோ டின்னுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காரு. ஏன்னே தெரியலக்கா."

பவானேஸ்வரி பிரித்தாள்.

படித்தாள்.

தினேஷ்வரன் அனாக் லெலாக்கி பிச்சைமுத்து... பிச்சைமுத்து மகன் தினேஷ்வரன்!

"ஆஆஆ...!"

அந்தக் கூச்சலில் எதிர்க்கடை ரொட்டிச்சானாய்க்காரர் மாவைக் கீழே போட்டார்.

"இவனா... இவனா உன் புருஷன்?"

"ஏ... ஏன்க்கா?"

"என் தம்பி ஒரு வருஷமா ஜெயில்ல கெடக்கான்டி! உன் புருஷன் சொன்ன பொய்யால! பெர்த்துல உக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டே ரெம்பியாவுல நடந்த கொலைய கண்ணால பார்த்தானாம்! என்ன கண்ணு லா அது?"

"கொலையா?"

"நல்லமுத்து கொலை!"

"நல்லமுத்து மாமா எங்கப்பாவோட பார்ட்னராச்சே! யாரோ லோரி டிரைவர்தான் கொன்னான்னு அப்பா..."

"அந்த லோரி டிரைவர்தான் என் தம்பி!"

தேவிஸ்ரீ எழுந்துவிட்டாள். அவளுக்கும் கோபம் வந்தது.

"சும்மா வாய்க்கு வந்தபடி பேசாதீங்க! அவரு எந்தக் கோர்ட்டுக்கும் போனதில்ல!"

"திங்கக்கிழமை போவான்! போன் போட்டுக் கேளு! நானும் கேக்கணும், ஸ்பீக்கர்ல போடு!"

போட்டாள்.

"ஏங்க... மாசி மகத்தன்னைக்கு ராத்திரி ரெம்பியாவுல இருந்தேன்னு போலிஸ்ல சொன்னீங்களா?"

மறுமுனையில் ஏதோ தட்டென்று கீழே விழும் சத்தம்.

"உங்களத்தான்!"

"...யாரு சொன்னா? நீ எங்க இருக்க?"

"புக்கிட் காத்தில். விசா கடையில."

"ஐயோ! என் பாஸ்போர்ட்டை எடுத்தியா? தேவி, ஒரு வார்த்தை பேசாத! அதை வாங்கிக்கிட்டு உடனே வெளிய வா!"

தேவிஸ்ரீ போனை அணைத்தாள்.

மறுநொடி... பவானேஸ்வரியின் கையிலிருந்த பாஸ்போர்ட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். ஓடினாள்!

"ஏய்! நில்லுடி!"

பவானேஸ்வரி கடை முன்னாலிருந்த ஐந்தடி நடைபாதைக்கு ஓடி வருவதற்குள் கார் கிளம்பி முனை திரும்பிவிட்டது.

போச்சு! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல், பாஸ்போர்ட்டும் படமும் சேர்ந்தே போச்சு. "கிராதகி! குடும்பமே கொலைகாரக் குடும்பம்!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினாள். வக்கீலுக்குப் போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. அவனையும் திட்டினாள். அழுகை வந்தது. அழுகை வந்ததற்காகத் தன்னையும் திட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஹைலக்ஸ் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் தாட்டியான மனிதர். பின்னாலேயே படத்தில் பார்த்த அதே ஒல்லிப் பையன். தினேஷ்வரன்!

உள்ளே வந்ததும் தினேஷ் இரும்புக் கதவை இழுத்துவிட்டான்.

கடை இருட்டியது.

"நான் சேகரன். தேவி அப்பா. பொண்ணு எங்க?"

"அத ஏன் என்கிட்ட கேக்குறீங்க? அப்பவே ஓடிட்டா."

"வீட்டுக்கும் போகல, போனையும் எடுக்கல. பாஸ்போர்ட் எங்கம்மா?"

ஓ! அப்படியானால் அவள் இவர்களிடம் போகவில்லை! பவானேஸ்வரி மேஜைக்குப் பின்னால் நகர்ந்தாள். வாயை மட்டும் மூடவில்லை.

"ஏன், திங்கக்கிழமை கோர்ட்டுல பூஜை போடப் போறீங்களா?"

"இந்தாம்மா, மரியாதையா பேசித் தீர்த்துக்கலாம். நீ எதையும் பாக்கல. உன் தம்பிக்கு நல்ல லோயரா நானே வெச்சுத் தரேன்."

"என் தம்பிக்கு லோயர் வைக்க நீங்க யாரு லா?"

சேகரன் முதுகுப் பக்கமிருந்து எதையோ உருவி மேஜை மேல் வைத்தார். செம்பனைக் குலையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கி. முனை பளபளத்தது.

"ஜெயில்ல இருக்கிறவனுக்கு உள்ளயே ஏதாச்சும் ஆயிடும். வெளிய இருக்கிற அக்காவுக்கும் ஆகலாம்."

பயந்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். ஆனால் ஒரு வருஷமாகக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தம்பியோடு போனில் பேசி வந்தவளுக்குப் பயப்படக்கூட நேரம் இருந்ததில்லை.

"குத்து லா! குத்து! பாஸ்போர்ட்டை எரிச்சிட்டா எல்லாம் போயிடுமா? அதுல ஸ்டாம்புகூட கிடையாது, முட்டாப் பசங்களா! அவன் போனது வந்தது எல்லாம் ரெண்டு நாட்டுக் கம்ப்யூட்டர்லயும் கெடக்கு! போய் அதைக் குத்து!"

"மாமா... போயிடலாம் மாமா..." தினேஷ் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"சும்மா இருடா!"

சேகரன் கொக்கியை எடுத்தார். ஓங்கினார்.

தட்! தட்! தட்!

"போலிஸ்! கதவைத் தொறங்க!"

கதவு சடசடவென்று மேலே போனது. உள்ளூர் போலிஸ் ஸ்டேஷன் சார்ஜன் ராகினி. பின்னால் இரண்டு போலிஸ்காரர்கள். அவர்களுக்குப் பக்கத்தில்... பாஸ்போர்ட்டை மார்போடு அணைத்தபடி தேவிஸ்ரீ!

"சார்ஜன், இவருதான் என் வீட்டுக்காரரு. பொய்ச் சாட்சி சொன்னது இவருதான்."

அடுத்த நொடி சேகரன் முகத்தில் ஒரு புன்னகை வந்து உட்கார்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும்! கொக்கி எப்போது கீழே போனது என்றே தெரியவில்லை.

"நல்லவேளை வந்தீங்க சார்ஜன்! இந்தப் பய என்னையும் சேர்த்து ஏமாத்திட்டான். கண்ணால பார்த்தேன்னு என்கிட்டயே சத்தியம் பண்ணான். முதல்ல இவனப் புடிச்சு உள்ள போடுங்க. தேவி, நீ வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

"மாமா!"

"எவன்டா உனக்கு மாமா?"

தினேஷ் வெடித்தான்!

"நானா ஏமாத்தினேன்? ஏர்போர்ட்டுல வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போனது யாரு? கார்ல ஓன்னு அழுதது யாரு? சார்ஜன், நல்லமுத்துவ அடிச்சுக் கொன்னது இவருதான்! என்கிட்ட இவரே சொன்னாரு! வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பசங்க பாஸ்போர்ட்டையெல்லாம் பூட்டி வெச்சுக்கிட்டு, பெர்மிட் முடிஞ்சும் ஊருக்கு அனுப்பாம வேலை வாங்கினாரு. இமிகிரேஷன்ல சொல்லிடுவேன்னாரு நல்லமுத்து. அதான் அடிச்சாரு! யுகேந்திரனப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு, தேவிய உனக்குத் தரேன்னாரு!"



தேவிஸ்ரீ அப்பாவையே பார்த்தாள். அவள் குரல் மெதுவாகத்தான் ஆரம்பித்தது.

"மூணு வருஷமா முடியாதுன்னீங்க. மாசி மகம் முடிஞ்ச வாரமே சரின்னீங்க. சாமிதான் உங்க மனச மாத்திடுச்சுன்னு நான் போய்ப் பூமுடி குடுத்துட்டு வந்தேனே..."

"தேவி..."

"பொய்ச் சாட்சிக்குக் கூலியா என்னைத்தான் குடுத்தீங்களா?"

"நீ ஆசப்பட்டவனுக்குத்தானே கட்டி வெச்சேன்!"

பளார்!

அப்பாவுக்கு ஒன்று. அதே வேகத்தில் திரும்பிப் புருஷனுக்கு இன்னொன்று.

"நான் போனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எதையும் கவனிக்கல" என்றாள் சார்ஜன் ராகினி, கைவிலங்கை எடுத்தபடி.

"நீங்க எதைத்தான் கவனிச்சீங்க?" பவானேஸ்வரி அவளையும் விடவில்லை. "வேலைவெட்டியில்லாதவன் மாதிரி வந்து ஒருத்தன் பார்த்தேங்கிறான். நீ எப்ப நாட்டுக்கு வந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் தம்பி ஒரு வருஷம் உள்ள கெடந்திருப்பானா?"

ராகினி தலையைக் குனிந்தபடி விலங்கை மாட்டினாள். இருவரையும் வண்டியில் ஏற்றினாள்.

அப்போதுதான் வக்கீல் திரும்பக் கூப்பிட்டான்.

"அக்கா, தம்பிகிட்ட பேசினீங்களா? ஒத்துக்கிறானா?"

"அவன் ஒரு மண்ணையும் ஒத்துக்க மாட்டான்! உடனே கிளம்பி போலிஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. கொன்னவன் அங்கதான் இருக்கான், பொய் சொன்னவனும் கூட இருக்கான்!"

சொல்லி முடித்ததும் நாற்காலியில் விழுந்து, வாய்விட்டு அழுதாள். எதிரில் தேவிஸ்ரீயும் அழுதுகொண்டிருந்தாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது?

பவானேஸ்வரிதான் முதலில் மூக்கைத் துடைத்தாள்.

"உன் மேல இன்னும் எனக்குக் கோவம் போகல. புடுங்கிக்கிட்டு ஓடுனப்ப கையில கிடைச்சிருந்தா கொன்னிருப்பேன்."

"உங்ககிட்ட இருந்தா அவரு வந்து புடுங்கிடுவாருன்னுதான்க்கா ஓடினேன்."

"வாயத் தொறந்து சொல்லிட்டு ஓடலாம்ல!"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

அதுவும் நியாயம்தான். பவானேஸ்வரி ஒரு போத்தல் தண்ணீரைத் திறந்து நீட்டினாள். தேவிஸ்ரீ கடகடவென்று குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் பேர்ல மட்டும் விசா போடுங்கக்கா. கல்யாணத்துக்கு நான் போவேன். இவங்களுக்காக நான் ஏன் வீட்டுல மூலையில உக்காரணும்?"

"அப்படிச் சொல்லு!" பவானேஸ்வரி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். "ஆனா கல்யாணம் ஆனவன்னு போடணும். புருஷன் ஏன் கூட வரலன்னு கேப்பான். என்ன எழுத?"

"உண்மையே எழுதுங்க. மாமியார் வீட்டுக்குப் போயிருக்காரு... துணைக்கு மாமனாரையும் கூட்டிக்கிட்டு!"