மூன்றாவது துளை

வயர்மேன் தணிகாசலம் திருவள்ளூர் கோயில் தெருவில் யதிராஜன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியது எழுபத்திரண்டில், பட்டப்பகலில். இரண்டு துளை பிளக் பாயிண்டை எடுத்துவிட்டு மூன்று துளை வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கூடத்துச் சுவரில், சமையலறை வாசற்படியை ஒட்டிப் பழைய பாயிண்ட். படிக்கு அந்தப் பக்கம் இரும்புக் கரண்ட் அடுப்பு. போன ஆடியில் யதிராஜனின் மூத்த சம்சாரம் செங்கமலவல்லி, மடிப்புடவை ஈரம் சொட்ட, அதைத் தொட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள். அதே அடுப்புக்கு மூன்று முள் பிளக் மாட்டி வாங்கி வந்திருக்கிறார் மனுஷர்! இனி அதில் ஈரப்புடவையோடு சமைக்கப்போகிறவள் புதுப்பெண் அலர்மேல்மங்கை.

“எர்த் கம்பியே இல்ல சாமி. மூணாவது ஓட்டைக்கு இன்னாத்த குடுக்கறது? கெணத்தாண்ட பள்ளம் தோண்டி, உப்பு, கரி போட்டு பைப்பு எறக்கணும்.”

“சமையலறையைத் தாண்டின்னா கிணத்தடி? நீ அங்கெல்லாம் வரப்படாது. வெறுமனே மாட்டிட்டுப் போடாப்பா.”

“சட்டப்படியே தப்பு சாமி. இன்னோரு உசுரு போயிடும்.”

“போனவளுக்கு விதி முடிஞ்சது.”

கல்நெஞ்சு! எர்த் இல்லாவிட்டால் சோதனை பல்பு எரியாது; அதைக் கண்ணால் பார்த்தாலாவது நம்புவார் என்று புதுப் பாயிண்டை மாட்டினான். பல்பின் ஒரு கம்பியைக் கரண்ட் வரும் துளையிலும், மற்றதை மூன்றாவது துளையிலும் சொருகினான்.

பல்பு எரிந்தது.

பாயிண்டைக் கழற்றிப் பார்த்தான். பின்னால் கம்பி இல்லை. சுவர் நனைந்து, மஞ்சள் வாசனை அடித்தது.

பாயிண்டை மாட்டி, பல்புக் கம்பிகளை மறுபடி சொருகினான். சுவருக்குள் ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

எடுத்தான். முனகல் நின்றது.

“அதான் எர்த் இருக்கே!” யதிராஜன் அடுப்பின் பிளக்கைச் சொருகி ஸ்விட்சைத் தட்டினார். அவர் காதில் எதுவும் விழவில்லை.

தணிகாசலம் படிக்கு வெளியே நின்றே டெஸ்டரை நீட்டி அடுப்பில் வைத்தான். டெஸ்டர் சிவந்தது. அடுப்பு முழுக்கக் கரண்ட்.

கிணற்றடியிலிருந்து அலர்மேல்மங்கை புடவை சொட்டச் சொட்ட வந்தாள்.

“ஐயோ, தொடாதீங்கம்மா!”

தொட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர்தான் அலறியது.

கையை இழுத்துக்கொண்டு கிசுகிசுத்தாள். “அக்கா எனக்கு முன்னாடி கை வெச்சுட்டா. அவளுக்கு வலிக்கறது. அந்தப் பள்ளத்தைத் தோண்டிடுங்கோ அண்ணா.”

தணிகாசலம் படியைத் தாண்டினான். யதிராஜன் தாம்தூம் என்று குதித்தார். எவன் கேட்டான்? சாயங்காலத்துக்குள் பைப்பை இறக்கி, எர்த் கம்பி இழுத்து, ஃபியூஸ் எகிற எகிற அடுப்பின் பழுதையும் பார்த்து முடித்தான். டெஸ்டர் சிவக்கவில்லை. சுவரும் வாய் திறக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

“இதுக்கா இவ்வளவு ரகளை?” யதிராஜன் சிரித்தபடி அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

எடுக்க முடியவில்லை.

தணிகாசலம் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். அப்போதும் கை வரவில்லை.

அவருடைய உலர்ந்த மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்களின் ஈரம் இறுகிக்கொண்டிருந்தது.