நாற்பதாவது பலகை

ஜெயபால் கடைசியாகச் செய்தது ஒரு பஸ் டிக்கெட்டை இழுத்துப் பார்த்ததுதான்.

வேப்பம்பலகையின் மேல் டிக்கெட்டை வைத்து, கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் சி.என்.சி. ரூட்டரின் முனையை, பிட்டை, மயிரிழை மயிரிழையாக இறக்குவான். காகிதம் நகராமல் பிடிபடும் இடத்தில் நிறுத்துவான். அதுதான் ஜீரோ. மெஷினுக்கு நீளம், அகலம், ஆழம் எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்கும்.

"புடிச்சிக்கிச்சி," என்றான். "போயி டீ வாங்கிட்டு வா கலை. சக்கர கம்மியா. நீ சொல்றன்னு இல்ல, எனக்கே தோணுது."

கலைமதி பாப்பாரப்பட்டி ரோட்டுக் கடையிலிருந்து தூக்குப்போசியோடு திரும்பினாள். வேலை நடந்த ராஜாமணி தோட்டத்துக்குள் நுழையும்போதே சத்தம் சரியாக இல்லை. பிட் மரத்துக்குள் இருக்கும்போது ஒரு சத்தம். பலகை முடிந்து மேலே எழும்பிவிட்டால் வேறு சத்தம், மெல்லிய, வெறும் காற்றை அறுக்கும் சத்தம். அந்த இரண்டாவது சத்தத்தை ஜெயபால் மூச்சுவிடும் நேரம்கூட ஓடவிட மாட்டான். அன்று அது ஓடிக்கொண்டே இருந்தது.

தகரக் கொட்டாயில், மேசைக் காலடியில், ஒருக்களித்துப் படுத்திருந்தான். வலது கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்திருந்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை தூங்குவது மாதிரி. மேலே, வேலிக்கான நாற்பதில் இருபத்து மூன்றாவது பலகையில் கேழ்வரகுக் கதிர் ஒரு பிசிறில்லாமல் முடிந்திருந்தது. அவள் அந்தக் கையை உருவி நேராக்கிவிட்டுத்தான் கத்தினாள். அவன் எப்படிக் கிடந்தான் என்பதை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

மாரடைப்பு என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது கொழுந்தன் வெங்கடாசலம் பேச்சை எடுத்தான்.

"அந்த மெஷின வித்துத் தள்ளிடலாம் அண்ணி. அண்ணன் உசுர வாங்குன சாமான் நமக்கு எதுக்கு?"

"உசுர வாங்கினது நெஞ்சு. மெஷின் இல்ல."

"ஒத்தப் பொம்பள அத வச்சிக்கிட்டு ஊரு ஊரா வேலிக்குப் பலகை செதுக்கப் போறீங்களா?"

"ராஜாமணி தோட்டத்துல பதினேழு பலகை பாக்கி நிக்குது. அதுல ஆரம்பிக்கறேன்."

அவன் சிரித்தான். "நாப்பதும் முடிச்சிக் காட்டுங்க. அப்பறம் நான் வாயத் தொறந்தா கேளுங்க."

"மூணு நாளு," என்றாள் கலைமதி.

மெஷின் கொட்டாயிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. பலகையை இறுக்கும் கிளாம்ப்புக்கு அடியில் அந்த டிக்கெட்டும் அப்படியே இருந்தது. தினமும் காலையில் வந்ததும் புது ஜீரோ வைக்க வேண்டும். பனிக்கும் வெயிலுக்கும் மரம் அசையும், மேசை அசையும். "நேத்து வச்ச ஜீரோவ நம்பறவன் அடுப்புக்கு வெறகுதான் வெட்டணும்" என்பான் ஜெயபால். அவளுக்குத் தெரியும். ஆனால் மெஷினின் திரையில் அந்தப் பழைய ஜீரோ இருந்தது. அவன் கை வைத்ததில் மிச்சம் அந்த ஒரு புள்ளி. அதை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பழையதிலேயே ஓட்டினாள்.

இருபத்து நான்காவது பலகையில் கதிர் சரியாக வந்தது. ஆனால் கீழே, முழங்கால் உயரத்தில், மெஷினுக்குக் கொடுத்த டிசைன் ஃபைலில் இல்லாத ஒரு கோடு பலகையின் குறுக்கே போயிருந்தது. தலைமுடி கனம். விரலால் தடவினாள். வேப்பந்தூள் நாக்கில் கசந்தது. பிட் ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த பலகையிலும் கோடு இருந்தது. முந்தின பலகையில் விட்ட இடத்தில் அது தொடங்கியது.

முதல் நாள் ஆறு பலகை. இரண்டாம் நாள் ஆறு. வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தபோது கோடு ஒன்றாகச் சேர்ந்து மெல்ல ஏறி, ஒரு மேட்டில் நின்று, இறங்கி, மறுபடி ஏறியது. மோர் கொண்டுவந்த ராஜாமணியின் மனைவி கோவிந்தம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இதென்னம்மா, மலையா? எங்க வூட்டு மாடியிலேருந்து பாத்தா வத்தல்மலை இப்பிடித்தான் தெரியும்."

"ஆமாங்க அக்கா."

"கேக்காமயே போட்டுட்டயா! எங்க வூட்டுக்காரரு கெழவரு, கதிரு மட்டும் போதும்னாரு. அவருக்கென்ன தெரியும்?"

அவள் போன பிறகு கலைமதி தரையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பலகை நாலு அங்குல அகலம். பதினேழு பலகைக்கு அறுபத்தெட்டு அங்குலம். ஜெயபாலின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், அதே அறுபத்தெட்டு.

கணுக்கால். தொடை. மேடாக நின்றது இடுப்பு. பள்ளம் விலா. மறுபடி ஏறியது தோள்.

பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. சந்தோஷம். அதுதான் அவளை நடுங்க வைத்தது. அன்றிரவு வீட்டில் அவள் தூங்கவில்லை; எப்போது விடியும், எப்போது முகம் வரும் என்று காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மூன்று பலகை ஓடியது. உச்சி வெயிலில் தகரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது, வேம்பு கருகும் வாசனை தொண்டையில் இறங்கியது. முப்பத்தொன்பதாவது பலகையில் பிட் இறங்கி, கதிரை முடித்து, கீழே நகர்ந்து, கன்னத்தின் கோட்டை வரையத் தொடங்கியபோது வீட்டுப் பக்கமிருந்து கோவிந்தம்மாளின் குரல் கேட்டது.

"கரண்டு போயிடுச்சிம்மா! ரெஸ்ட் எடு!"

கொட்டாயில் மின்விசிறி நின்றிருந்தது. பம்புசெட் நின்றிருந்தது. திரை இருட்டு.

பிட் நிற்கவில்லை.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயர் கையில் தொங்கியது. பிட் மரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. நிதானமாக. கன்னம். காது. கன்னத்துக்கு அடியில் ஒரு கை. நான்கு விரல். யாரும் பார்க்காத அந்தக் கை.

முடிந்ததும் மேலே எழும்பியது. வெறும் காற்றில் சுற்றியது. அதே மெல்லிய சத்தம். நாற்பதாவது பலகைக்காக.

நெற்றியும் உச்சியும்தான் பாக்கி. ஒரு பலகை வைத்தால் கோடு மூடிவிடும். முழு ஆள்.

அவள் நாற்பதாவது பலகையைத் தூக்கினாள். மேசை வரைக்கும் கொண்டுபோனாள். அங்கே கிளாம்ப்புக்கு அடியில் டிக்கெட் இருந்தது. அவனுடைய டிக்கெட்.

நின்றாள்.

"நீ அவரு இல்ல," என்றாள். மறுபடி சொன்னாள், இந்தமுறை சத்தமாக. "அவரு நேத்து வச்ச ஜீரோவ ஒரு நாளும் நம்ப மாட்டாரு. பத்தொம்பது நாளா அதுல ஒக்காந்துட்டு இருக்கற நீ யாரோ. எந்திரிச்சிப் போ."

சத்தம் ஓடியது. அவள் நகரவில்லை. வேர்வை கண்ணில் எரிந்தது. ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு எதிரிலேயே நின்றாள்.

கரண்ட் வந்தது. அப்போது பிட் நின்றது.

பிளக்கைச் செருகினாள். பழைய ஜீரோவை அழிக்கவா என்று திரை கேட்டது. கண்ணை மூடாமல் அழுத்தினாள். பலகையை இறுக்கி, டிக்கெட்டை வைத்து, பிட்டை இறக்கினாள். மயிரிழை. இன்னொரு மயிரிழை. டிக்கெட்டை இழுத்தாள். வரவில்லை.

டிக்கெட் அந்தப் பக்கத்திலிருந்து ஒருமுறை மெதுவாக இழுபட்டது.

அவள் விடவில்லை. விரல் நகம் வெளுக்கும் வரை பிடித்துக்கொண்டாள். இழுப்பு ஓய்ந்தது.

"புடிச்சிக்கிச்சி," என்றாள்.

நாற்பதாவது பலகையில் கதிர் மட்டும் வந்தது.

மறுநாள் வேலி நடும் பச்சியப்பன் வந்து பலகைகளை ரோட்டைப் பார்க்க நட்டுக் கொடுத்தான். கடைசிப் பலகை கேட்டை ஒட்டி நின்றது. கோடு விழுந்த பலகைகளை எரித்துவிட்டு வேறு போட்டுத் தருவதாக அவள் எவ்வளவோ சொல்லியும் ராஜாமணி ஒப்புக்கொள்ளவில்லை. "மலைய யாரு கேட்டா? ஆனா நல்லாத்தான் இருக்குது, இருக்கட்டும்" என்றார். வெங்கடாசலம் வந்து பார்த்தான்; சொன்ன சொல்படி அப்புறம் வாயைத் திறக்கவில்லை. மெஷின் அவளுடையது. கடத்தூரில் ஒரு வேலி, தருமபுரியில் ஒரு வேலி. தினமும் காலையில் புது ஜீரோ.

ஐப்பசி மழைக்குப் பிறகு கோவிந்தம்மாள் போன் செய்தாள். "ஒரு நட வந்து பாரும்மா. மழைக்குப் பலகை ஊதிக்கிச்சாட்டம் இருக்குது. மலை ஒசந்துடுச்சி!" அவளுக்கு அது வேடிக்கை.

கலைமதி போனாள். பட்டப்பகல். ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது.

இடுப்பு அதே இடத்தில் இருந்தது. தோள் ஒரு முழம் உயர்ந்திருந்தது, ஒரு முழங்கையை ஊன்றி எழ முயலும் ஆளைப்போல. கன்னத்துக்கு அடியில் கை இல்லை. அது நீண்டு முப்பத்தொன்பதாவது பலகையின் ஓரத்துக்கு வந்திருந்தது. நான்கு விரல்களும் நாற்பதாவது பலகையை ஒட்டிய இடுக்கில் மடங்கியிருந்தன. அடியில் தரை ஈரமாக இருந்தது. ஈரத்தின் மேல், உலர்ந்த, புது வேப்பந்தூள்.

அவள் குனிந்து நாற்பதாவது பலகையை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை போய்த் தடவிப் பார்க்கிறாள்.

அதில் கேழ்வரகுக் கதிர் மட்டும்தான் இருக்கிறது.