நிறைந்திருந்த கொட்டாங்குச்சி

காலையில் காலியாகக் கிடந்த கொட்டாங்குச்சியில் மதியம் விளிம்பு வரை சாம்பல் இருந்தது.

தறியில் மிச்சமிருக்கும் பழைய இழையோடு நீளவாக்கில் ஓடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்கும்போது, விரல் வழுக்காமலிருக்கத் தொட்டுக்கொள்ளும் சாம்பல் அது. யார் நிரப்பியிருப்பார்கள்? கணவன் டேனியல் பக்கத்திலிருக்கும் ஓரிக்கைக்குப் போயிருக்கிறான். ஆறு வயது மகள் ஷாரோன் பக்கத்திலேயே தறிச்சட்டத்தில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். மீதி இருப்பது மகன் கமல். பத்தொன்பது வயதாகியும் குடித்த டம்ளரைக் கழுவி வைக்காதவன், சாம்பலையா சலித்து வைக்கப்போகிறான்? ஜோதிகா உதட்டைச் சுழித்துவிட்டு வேலையில் உட்கார்ந்தாள்.

மகன்மேல் அவளுக்குப் போதைப்பொருள் சந்தேகம் விழுந்து இரண்டு மாதமாகிறது. தூங்குவதில்லை, சுவரோடு பேசுகிறான். இரண்டு தடவை சிறுநீர் பரிசோதித்தும் ஒன்றுமில்லை என்றே வந்தது. "புதுசு புதுசா எதையாச்சும் கலந்து உட்டுக்கினே இருக்கானுங்கமா. நம்ம கிட்டுல அதெல்லாம் காட்டாது," என்றாள் நர்ஸ் லில்லி. அன்றிலிருந்து அவன் சட்டைப்பை, தலையணை, செருப்பு என்று ஜோதிகா தேடாத இடமில்லை. எங்கேயோ வைத்திருக்கிறான் என்பது மட்டும் பெற்றவளுக்குத் தெரிந்தது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. விரலை நாக்கில் நனைத்து, சாம்பலைத் தொட்டு, இழையை முறுக்கினாள். கசந்தது, நெயில் பாலிஷ் போல ஒரு வாடை. மறுபடி நாக்கு, சாம்பல், இழை. சிவப்புப் பட்டு நூறு நூறாகச் சேர்ந்துகொண்டே போக, தறிக்குழிக்குள் யாரோ மிதிக்கட்டையை மெல்ல மெல்ல அழுத்துவது போலச் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். யாருமில்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"யார்ரா அது? கமலு?"

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்திலும் விரல்கள் ஓடின. இவ்வளவு வேகமாக அவள் இழை சேர்த்ததே கிடையாது.

வாசலில் கமல் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"மா... பாவு திங்கக்கெழமதான வரும்னு சொன்ன?"

"இன்னிக்கே குடுத்து உட்டாங்கடா."

"கொட்டாங்குச்சில இருந்தத தொட்டியா?"

பார்த்தாள். பாதிக்குமேல் காலி. அங்கே மட்டும்தான் அவள் தேடவில்லை.

"மா, கைய நிறுத்துமா! பாப்பாவ எழுப்பு!"

கை நிற்கவில்லை. நாக்கு மரத்திருந்தது. சிவப்பு இழை. அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்தது கறுப்பு.

இந்தப் பாவில் கறுப்பு ஏது?

கறுப்பு இழையைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனாள். ஒன்றல்ல. நிறைய. எல்லாம் ஷாரோனின் தலையில் போய் முடிந்தன. ஒவ்வொரு முடியாக முறுக்கிப் பட்டோடு சேர்த்திருந்தாள்.

குழந்தையின் கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. வாய்க்குள் ஒரு விரல். உதட்டைச் சுற்றிக் கொட்டாங்குச்சியிலிருந்த அதே வெளிறிய பொடி.

ஜோதிகா வாய்விட்டு அலறினாள். அவள் விரல்கள் அடுத்த முடியை எடுத்தன.