தெருவோர நாற்காலி

"ஏய்... நில்லு!"

டெலியா மழையில் கத்திக்கொண்டே ஓடினாள். வண்டியில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், கையசைத்துவிட்டுப் போயே போய்விட்டான். அவளுடைய ஆடும் நாற்காலியும் அவனோடு போனது.

அமெரிக்காவின் ஒஹாயோவில் அந்த ஊர் வழக்கம் அப்படி. வேண்டாததைத் தெருவோரம் வைத்தால் எடுத்தவருக்குச் சொந்தம். டெலியா வீடு மாறிக்கொண்டிருந்தாள். லாரியில் ஏற்றத்தான் நாற்காலியை வெளியே வைத்தாள், தார்ப்பாய் எடுக்க உள்ளே போனாள்... அதற்குள் இது.

"என்ன விலை இருக்கும்?" என்றார் புகாரை எழுதிக்கொண்ட போலீஸ்காரர்.

"ஆயிரத்து இருநூறு டாலர்!"

வாங்கியது எண்பத்தைந்துக்கு. கோபத்துக்குக் கணக்குத் தெரியுமா?

மாலையில் நாற்காலியோடு அவனே வாசலில் நின்றான். போலீஸ் சொல்லித்தான் விஷயமே தெரியுமாம். பெயர் எமெட். மழை சொட்டும் இமைகள்... உள்ளே சாம்பல் நிறக் கண்கள்... டெலியா நாற்காலியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"நான் கத்துறேன், நீங்க கையசைக்கிறீங்க! அறிவிருக்கா?"

"வாழ்த்தி அனுப்புறீங்கன்னு நெனச்சேங்க... நாற்காலியோட ஒரு கை லொடலொடன்னு இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா? எம்மேல திருட்டுக் கேஸ் போட்டுட்டாங்க. பொருள் ஆயிரம் டாலருக்குக் கீழன்னா சிறு குற்றம். அதத் தாண்டினா பெருங்குற்றம். நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறேன்... பெருங்குற்றம்னு ஆயிட்டா வேலை போயிடும். நெஜமாவே அது ஆயிரத்து இருநூறா?"

பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் இவனிடம்!

"கோர்ட்ல சொல்றேன்." கதவைச் சாத்தினாள்.

விசாரணையில் நீதிபதி அம்மா விலையைக் கேட்டார். எமெட் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"எண்பத்தஞ்சு டாலர்ங்க. கோபத்துல ஏத்திச் சொல்லிட்டேன். அவர் திருடவே இல்ல... யாரோ வேண்டாம்னு வெச்சதுன்னு நெனச்சு எடுத்துட்டுப் போனாரு."

"போலீஸ்கிட்ட பொய் சொல்றதும் குற்றம்தான், தெரியுமா?"

"சிறு குற்றமா... பெருங்குற்றமா?"

"சிறு குற்றம்."

"அப்ப ஒத்துக்கறேன்."

நீதிபதி அவளை நன்றாக எச்சரித்துவிட்டு, வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

எமெட் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது மழை. தெருவோரத்தில், குடையில்லாமல், டெலியா.

"நனையுறீங்களே... யாருக்காக நிக்கிறீங்க?"

"தெருவோரம் இருந்தா எடுத்துக்கலாம்தானே? பத்து நிமிஷமா நிக்கிறேன்..." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, எமெட்."

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"வேற யாரும் கத்திட்டு ஓடி வர மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"இருந்தாலும், இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் எடுத்துக்கறேன்," என்று கையை நீட்டினான்.