ஸ்பிரிட் காய்வதற்குள்

மார்பில் தொங்கும் குழாயின் மூடியைக் கழற்றியதும் அதன் வாயை ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து விநாடி தேய்க்க வேண்டும், காயவிட வேண்டும், பிறகுதான் டயாலிசிஸ் இயந்திரத்தில் மாட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மௌரீன் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் எண்ணுவாள். இன்று நான்கிலேயே பஞ்சு நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் தேய்ப்பா, அமல்," என்றாள் முகக்கவசத்துக்குள்ளிருந்து.

"டாக்டரம்மா பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க! கூட வேலை செய்றவன் லீவு, ஆன்ட்டி. ஆறு பேரையும் நான் ஒருத்தனே பாக்குறேன்." டெக்னீஷியன் அமல் ஈரம் காய்வதற்குள் மாட்டிவிட்டான்.

மௌரீன் சிரித்து வைத்தாள். வாரம் மூன்று முறை தன் ரத்தத்தை எடுத்து ஓடவிடுகிறவனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? கையில் ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தநாளம் ஊசி குத்தும் அளவுக்குத் தடிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். அதுவரை இதயத்தின் வாசல்வரை போகும் இந்தக் குழாய்தான். போன மாதம் எதிர்க் கட்டிலில் சிவசங்கரன் குளிருகிறது என்று போர்வை கேட்டார். குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் இறந்துபோனார்.

ஜன்னலுக்கு வெளியே விவேக் நகர் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மத்தியான வெயில் அவள் பாதத்தின் மேல் கிடந்தது. பினாயிலும் புளித்த வாடையும் கலந்த அந்தக் குளிரறையில், இயந்திரத்தின் சக்கரம் மெதுவாகச் சுற்றச் சுற்ற, அவள் ரத்தம் அந்தக் குழாய்வாயைக் கடந்து கடந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். வெயில் விழுந்த பாதம் சில்லிட்டது.

இயந்திரம் அலறியது. அமல் வந்து குழாயை நிமிண்டினான். மார்புக் கட்டின் ஓரம் ஈரமாய்ப் பிரிந்திருந்தது. விரலால் அழுத்தி ஒட்டினான்.

"லேசா கசியுது ஆன்ட்டி. அப்புறம் மாத்திடறேன்."

அவன் கிளவுஸின் விரல்நுனியில் சீழ்போல மஞ்சளாய் ஏதோ மினுங்கியது.

அப்போதுதான் சந்தாபுராவிலிருந்து க்ளென் வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயது. அவனுக்கும் மார்பில் இதே குழாய்.

"பொம்மசந்திராவுல ஒரு மணி நேரம் ட்ராஃபிக், அமலண்ணா. அங்கயே வாடகைக்கு வீடு பாத்துடலாம்னு இருக்கேன்."

"பாரு பாரு. பால் காய்ச்ச என்னைக் கூப்பிடு."

க்ளென் பக்கத்துக் கட்டிலில் படுத்து, காதில் இயர்போனைச் செருகிக் கண்ணை மூடிக்கொண்டான். அமல் அப்படியே அந்தப் பக்கம் திரும்பினான்.

அதே கிளவுஸ்.

கத்த வேண்டும். மௌரீன் வாயைத் திறந்தாள். பற்கள் ஒன்றோடொன்று மோதின. தாடை நிற்கவில்லை. தோள் நிற்கவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பி கடகடவென்று அடித்துக்கொண்டது.

"கி... கி..."

"ஒந்து நிமிஷா, ஒரே நிமிஷம் ஆன்ட்டி. இவனை மாட்டிட்டு வர்றேன்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

க்ளென் சட்டைப் பொத்தானைத் தானே கழற்றிவிட்டான். கண் திறக்கவில்லை. பாட்டுக்கு ஏற்ப ஒரு விரல் விரிப்பில் தாளம் போட்டது.

மூடி திறந்தது.

அந்த மஞ்சள் விரல்நுனி, திறந்த குழாயின் வாயில்.